இனி அந்த டப்பாவை அனுப்பாதே

மகனே,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ சௌக்கியமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை காலை, நான் தறியில் உட்காரப்போன நேரத்தில் மருமகள் போன் செய்தாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தாள், அதற்காக அவளிடம் எகிறாதே. "மாமா, இவர் தினமும் மூணு மாத்திரை போடறாருங்க. அப்பவும் சரியா தூங்கறதில்ல. கொஞ்சம் அசந்தாக்கூட கத்தறாரு. 'சைக்கிள் எடுக்கறேன் நைனா, சைக்கிள் எடுக்கறேன்'னு கத்தறாரு. எழுப்பிக் கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கறாரு. எந்த சைக்கிள் மாமா அது?" என்றாள். அதற்கு அடுத்து அவள் சொன்னதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. குழந்தை தூங்கினால் நீ போய் எழுப்புகிறாயாம். இரண்டு மாதப் பிள்ளை, பால் குடித்துவிட்டு அசந்து தூங்குகிற பிள்ளை, அதன் கன்னத்தைத் தட்டி, உள்ளங்காலைச் சுண்டி, அது வீறிட்டு அழுத பிறகுதான் உனக்கு மூச்சு வருகிறதாம். "பிள்ளையும் தூங்கல, நானும் தூங்கல, இவரும் தூங்கல. ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவளிடம் நீ எதுவுமே சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உனக்கு ஒரு தங்கை இருந்தாள், காய்ச்சலில் போய்விட்டாள் என்கிற அளவுக்குத்தான் சொல்லியிருக்கிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தானே. யாராவது கோமுவைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிற மனுஷன் நான். எழுத்து எனக்கு வராது, ஆறாவதோடு நின்றவன், உனக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டேன். அதனால்தான் நாலு நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படித்து முடித்ததும் மருமகளிடம் கொடு. அவளும் படிக்கட்டும்.

நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். கோமுவுக்கு ஒன்பது வயது. இரண்டு நாளாக அவளுக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுத்தோம், இறங்கி இறங்கி ஏறியது. மூன்றாம் நாள் விடியற்காலை நம் வீட்டுப் பாவு தெருவில் நீட்டுவதாக முன்பே பேசி வைத்திருந்தோம். மருமகள் சேலத்துப் பக்கத்துப் பெண், அவள் அப்பா ஆசிரியர், அவளுக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன் புடவையின் நீளவாட்டு இழைகள் அத்தனையையும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிட வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கை கொடுக்கும். நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போய் நிற்போம். இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒருத்தர் கையை விட்டாலும் இழை துவண்டு சிக்கிக்கொள்ளும். எட்டுப் பேரை வரச்சொல்லிவிட்டு, வீட்டுக்காரனே பாதியில் 'நிறுத்துங்க' என்று சொல்வது எங்கள் தெருவில் நடக்காத விஷயம். அப்படிச் சொன்னவன் அடுத்த தடவை யார் முகத்தில் விழிப்பான்?

அன்றைக்குப் பாவை நீட்ட ஆரம்பித்திருந்தோம், கோமுவுக்குக் கஞ்சி கொடுக்க உள்ளே போன உன் அம்மா உடனே திரும்பி வந்தாள். "ஏங்க, கோமு எந்திரிக்க மாட்டேங்குது. தட்டினாக்கூட கண்ணத் தொறக்கல. இன்னாவோ மாதிரி கீது" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும், நீ பக்கத்தில்தான் நின்றாய். "ராத்திரி பூரா பொரண்டுகினு இருந்தது. இப்பதான் கண்ண மூடுது. நல்லா தூங்கட்டும், எழுப்பாத." நீ உடனே சொன்னாய், "நைனா, நான் சைக்கிள் எடுத்துகினு போயி டாக்டரக் கூட்டியாறேன்." பாவு பிடிக்க வந்திருந்த கீழண்டை வீட்டு ஏழுமலை நம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேஜார் பண்ணாத. சுத்தினப்பறம் பாத்துக்கலாம். நீ போயி அந்தக் கோடியப் புடி" என்றேன். நீ போய்ப் பிடித்தாய். அன்றைக்கு நீ சாய்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, நம் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பாவு ஒரு இழை சிக்காமல் நன்றாக வந்தது.

சுற்றி முடித்து உள்ளே போனபோது அவளுக்கு வாயில் நுரை தள்ளியிருந்தது. வாடகைக் கார் பிடித்து வேலூருக்குப் போனோம். கண்ணமங்கலம் தாண்டும்போது ஒரு தடவை இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எவ்வளவு நேரமா நினைவில்லாம இருக்கு?" நான் சொன்னேன், "இப்பதான் சார், ஒரு மணி நேரந்தான்." விடியற்காலையிலிருந்தே அவள் அப்படித்தான் கிடந்தாள். உன் அம்மாவும் நீயும் என் இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டிருந்தீர்கள். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டாள். நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ, எனக்குக் கேட்கத் துணிச்சல் இல்லை.

அதற்கப்புறம் நம் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. உன் அம்மாவுக்குத் தூக்கம் என்றாலே பயம். படுப்பாள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து உன்னிடம் வருவாள். "டேய், தூங்கறியா? இன்னாடா, தூங்கறியா?" என்று தோளைப் பிடித்து உலுக்குவாள். நீ "ம்" என்று சொன்ன பிறகுதான் போவாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, ஒரு நாளும் நீ அவளிடம் சலித்துக்கொண்டதில்லை. நான் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். எழுந்து போய் அவளைக் கூட்டிவந்து படுக்க வைத்திருக்க வேண்டும். போனால் பேச வேண்டி வருமே என்று தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்தேன். நீ காலேஜுக்குச் சென்னை போன பிறகு உலுக்கிப் பார்க்க அவளுக்கு ஆளில்லை. அவளும் என்னோடு அளந்துதான் பேசினாள், சோறு, தண்ணி, தறி, அவ்வளவுதான். அப்புறம் நீ அமெரிக்காவுக்குப் போனாய். எட்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

நீ முதல் தடவை லீவில் வந்தபோது பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் கொட்டக் கொட்ட விழித்திருந்தாய். பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாய். "மெலடோனின் நைனா. நம்ம மூளையே இருட்டானா இத ஊற வைக்குமாம். அங்க மளிகைக் கடையிலயே வைட்டமின் மாத்திரையோட வச்சு விக்கறாங்க, சீட்டெல்லாம் வேண்டியதில்ல" என்றாய். அம்மாவிடமும் ஒன்றைக் கொடுத்தாய். அவள் ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாளே, இதைச் சேர்த்துச் சாப்பிடலாமா என்று நீயும் யாரையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் விடியும் வரைக்கும் தூங்கினாள். நீ அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டப்பாவை விட்டுவிட்டுப் போனாய். தீர்வதற்குள் அடுத்தது வந்துவிடும், யாராவது ஊருக்கு வருகிறவர் பையில் கொடுத்தனுப்பிவிடுவாய்.

நீ போய் ஒரு வாரம் இருக்கும். காலையில் நூல் சுற்றிக்கொண்டே உன் அம்மா, என்னைப் பார்க்காமல், சொன்னாள். "இன்னிக்கு கோமு வந்தா. பச்சப் பாவாட கட்டிகினு, தலைய விரிச்சிப்போட்டுகினு வந்தா. பின்னி வுடும்மான்னா." அந்தப் பெயரை அந்த வீட்டில் கேட்டு எத்தனை வருஷம்! மறுநாளும் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள். கோமு முறுக்கு கேட்டாள், கோமு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள், கோமுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று ஒவ்வொன்றாக, நேற்று நடந்த மாதிரியே சொல்லுவாள். மாத்திரை சாப்பிட்டால் சிலருக்குக் கனவு அப்படிக் கண்ணெதிரே வருவது உண்டாம், அது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்னப் பத்தி எதுனா கேட்டாளா?" அவள் நூலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கேக்கல" என்றாள். அடுத்த வாரமும் கேட்டேன். "இல்ல. கேக்கல." நான் சிரித்து மழுப்பிவிட்டு வெளியே போய் முகம் கழுவினேன். பிள்ளைக்கு என் மேல் கோபம் தீரவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், காறித் துப்பினாலும் துப்பிக்கொள். உன் அம்மா டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையைத் திருடிப் போட்டுக்கொண்டேன். ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டால் போதும், காலில் விழுந்துவிடலாம் என்றுதான். எனக்கு வந்த கனவு என்ன தெரியுமா? கோயில் வாசலில் விட்ட செருப்பைத் தேடுகிறேன், விடிய விடிய தேடுகிறேன். மறுநாள் இரண்டு போட்டேன். கல்யாண மண்டபத்தில் எருமை மாடு புகுந்துவிட்டது, என்னைத்தான் விரட்டச் சொல்கிறார்கள். ஏழுமலைகூட வந்தான், பீடி கேட்டான். ஊரில் இருக்கிற சனியனெல்லாம் வந்ததே தவிர என் பிள்ளை வரவில்லை. மூன்று போட்டேன். காலையில் தலை கல்லாகக் கனக்கும். தறியில் கால் தப்பான மிதியை மிதிக்கும், நெய்ததைப் பிரித்துப் பிரித்து நெய்தேன். டப்பா குறைகிறது என்று அவள் கண்டுபிடித்துவிடுவாளே என்று, மெடிக்கல் ஷாப்பில் அதே அளவில் வெள்ளையாக இருந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வாங்கி அதில் போட்டு வைத்தேன். நல்ல மாத்திரையெல்லாம் என் சட்டைப் பையில். உன் அம்மா சாப்பிட்டதெல்லாம் வெறும் சுண்ணாம்பு.

பத்து நாளில் அவள் பழையபடி ஆகிவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது, சோறு இறங்கவில்லை. காலையில் கனவு சொல்வதும் நின்றுபோயிற்று. ஒரு நாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, "இப்பல்லாம் வரவே மாட்டேங்கறா. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல. இன்னொரு வாட்டி பூட்டாளா?" என்று கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். ஐயோ, அந்த அழுகையை நான் வேலூரில் கேட்டது. அவளிடமிருந்து பிள்ளையை இரண்டாவது தடவையும் பிடுங்கினது நான்தானே! சட்டைப் பையிலிருந்த மாத்திரையை எடுத்து அவள் முன்னால் கொட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "எதுக்கு?" என்றாள். "உங்கிட்ட வர்றா, எங்கிட்ட வரல. நான் ஒருத்தன் கீறேனான்னுகூட கேக்கலன்னியே. ஒரு வாட்டி பாக்கலாம்னுதான்" என்றேன். அவள் மாத்திரைகளை ஒன்றாகக் கூட்டி வைத்தாள். அப்புறம் சொன்னாள். "கேட்டா. தெனமும் கேட்டா. வந்ததும் 'நைனா எங்க'ன்னுதான் கேப்பா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன்?" என்றேன்.

"சொன்னா உங்களுக்கு ஆறிடும். ஆறக்கூடாதுன்னு இருந்தேன்."

மகனே, எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோமுவுக்கு என் மேல் கோபம் என்று நான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன், கோபம் என் எதிரில் உட்கார்ந்து எட்டு வருஷமாக நூல் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் நான் வாய் திறந்து சொன்னேன். எழுப்பாதே என்று சொன்னது நான்தான், அவன் டாக்டரைக் கூப்பிடப் போகிறேன் என்றபோது தடுத்ததும் நான்தான், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று பார்த்தேன், டாக்டரிடம் பொய் சொன்னேன், உங்கள் இரண்டு பேரையும் அந்தப் பொய்க்குத் துணைக்கு நிற்க வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது, கோமு சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு காதைப் பிடித்து இழுத்ததைச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அடுத்த வாரம் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டப்பாவைக் காட்டினோம். நல்லா டோஸ் விட்டார். "கடையில விக்கறாங்கன்னா கண்டபடி சாப்பிடலாம்னு அர்த்தமா? பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க கேக்காம இதத் தொடலாமா? அதிகமாப் போட்டா அதிகமாத் தூக்கம் வரும்னு யார் சொன்னது?" என்றார். இது ஆளை அடித்துப் போடுகிற மாத்திரை இல்லை, தூக்கம் வருகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளுகிறது, உன்னை மாதிரி தேசம் விட்டு தேசம் போகிறவர்களுக்குச் சில நாள் உதவும் என்றார். "மனசுல ஒண்ண வச்சுகினு மாத்திரையப் போட்டா மாத்திரை இன்னா பண்ணும்?" என்றும் கேட்டார். அன்றோடு நிறுத்திவிட்டோம். உன் அம்மா இன்றைக்கும் சில நாள் தூங்குவாள், சில நாள் தூங்கமாட்டாள். தூங்காத நாளில் என்னை எழுப்புவாள், நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன், பேசிக்கொண்டிருப்போம். கோமு கனவில் எப்போதாவதுதான் வருகிறாளாம். எனக்கு இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை. அது எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

நீ அனுப்பிய டப்பாக்கள் ஐந்து, பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவாய். என்னிடம் கொடுத்தால் "மாத்திரை கீதா நைனா, அனுப்பட்டுமா?" என்று கேட்பாய், "அனுப்புப்பா" என்பேன், வைத்துவிடுவாய். இந்த ஐந்து வருஷமாக நாம் இரண்டு பேரும் பேசியது அது ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உனக்கு என்னிடம் கேட்க ஒன்றுமே இருக்காதே என்றுதான் பொய் சொன்னேன். அங்கே நீ மூன்று போடுகிறாய் என்று தெரியாமல் போயிற்று. இனிமேல் அனுப்பாதே. நீயும் முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பார். மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. எத்தனை மாத்திரை போடுகிறாய் என்பதைக் குறைத்துச் சொல்லாதே, டாக்டரிடம் குறைத்துச் சொன்ன என் பேச்சைக் கேள். தூக்கத்தில் என்ன கத்துகிறாய் என்பதையும் சொல்.

உன் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. பால் குடிக்கிறது, அழுகிறது, மருமகள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். பயமாக இருந்தால் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார், அதற்கும் மேல் பயமாக இருந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு, நடுவில் யார் என்ன சொன்னாலும் நிற்காதே, நானே சொன்னாலும் நிற்காதே. ஒன்றும் இல்லையென்று தெரிந்தால் அதைத் தூங்க விடு. தூங்குகிற பிள்ளையைப் பார்த்து நீ பயப்படுவதற்குக் காரணம் நான். பதினேழு வயதில் நீ சரியாகத்தான் சொன்னாய். அந்தத் தெருவில் அன்றைக்குப் புத்தியோடு பேசினது நீ ஒருத்தன்தான். அப்பன் பேச்சை மீறாத பிள்ளையாக வளர்த்தேன், அது உன் குற்றமா? உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். உன் அம்மாவைப் போலவே நீயும் பதில் சொல்லாமல் இருக்கலாம், அதற்கு உனக்குப் பாத்தியதை உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல். மாத்திரையைப் பற்றிக் கேட்காதே. "ஏன் நைனா அன்னிக்கு என்னப் போக வுடல?" என்று கேள். தூக்கத்தில் கத்துவதை விழித்துக்கொண்டு என்னிடமே கத்து. நான் போனை வைக்கமாட்டேன்.

உன் நைனா